உடைந்த பவளம் பிழைக்குமா? கண்ணாடித் தொட்டிக்குள் நடக்கும் கடல் வைத்தியம்!

நேற்றுவரை பச்சையும் ஊதாவுமாக மின்னிக்கொண்டிருந்த பவளம், இன்று காலை பார்த்தால் பாதி வெள்ளை எலும்பாக நிற்கிறது. இரவில் ஏதோ ஒரு நத்தை இடித்துத் தள்ளியிருக்கலாம். பவர் கட்டில் பம்ப் நின்றிருக்கலாம். புதிதாக மாட்டிய விளக்கின் வெளிச்சம் தாங்காமல் வெந்துபோயிருக்கலாம். அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன அதிர்ச்சி.

'அவ்வளவுதான், தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்' என்று புதியவர்கள் நினைப்பார்கள். அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. விரல் நகம் அளவுக்கு உயிருள்ள சதை ஒட்டியிருந்தால்கூட, மாதக்கணக்கில் காத்திருந்து அதை மீட்டுவிடுகிறார்கள். வீட்டுத் தொட்டிகளில் பொறுமையாகக் கற்றுக்கொண்ட இதே வித்தைதான், இன்று சூடேறிக்கொண்டிருக்கும் கடல்களில் பவளப்பாறைகளைக் காப்பாற்றும் வேலைக்கும் கைகொடுக்கிறது.

இந்தியாவில், பாறை கட்டும் பவளங்களை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். அதற்கு முன், ஒரு பவளம் எப்படி நோய்வாய்ப்படுகிறது, எப்படிக் குணமாகிறது என்று பார்த்துவிடலாம்.

கல்லா, செடியா, உயிரா?

பார்ப்பதற்குக் கல் மாதிரி இருக்கும். கிளை விட்டிருப்பதால் செடி மாதிரியும் தெரியும். உண்மையில் பவளம் ஒரு விலங்கு. ஜெல்லி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் சொந்தம்.

நாம் 'ஒரு பவளம்' என்று சொல்வது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பு. அந்த ஒவ்வோர் உயிருக்கும் 'பாலிப்' என்று பெயர். நடுவில் ஒரு வாய், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கைகள், அவ்வளவுதான் உடம்பு. கடல்நீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்து, தன் காலடியில் சுண்ணாம்பாகக் கட்டிக்கொண்டே போகும். அந்தச் சுண்ணாம்புதான் நாம் பார்க்கும் 'கல்'. உயிர் இருப்பது அதன் மேல் தோல் மாதிரி படிந்திருக்கும் மெல்லிய சதையில்.

அந்தச் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் இடம் கொடுக்கிறது. பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்து அதற்கு வாடகை கொடுக்கிறது. பல பவளங்களுக்குத் தேவைப்படும் சக்தியில் 90 சதவிகிதம் வரை இந்தப் பாசியிடமிருந்துதான் கிடைக்கிறது. பவளத்தின் நிறத்திலும் இந்தப் பாசிக்குப் பெரிய பங்கு உண்டு.

நவரத்தினத்தில் வரும் சிவப்புப் பவழம் இதே பெரிய குடும்பத்தில் தூரத்துச் சொந்தம். அது பாறை கட்டாது, அதற்குள் இந்தப் பாசியும் கிடையாது. இங்கே நாம் பேசுவது பாறை கட்டும் பவளங்களைப் பற்றி.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்

பவளம் வெள்ளையாகிவிட்டது என்றதும் எல்லோரும் பதறுவார்கள். ஆனால் வெள்ளையில் இரண்டு வகை இருக்கிறது. எந்த வகை என்று தெரிந்தால்தான் வைத்தியம் தொடங்க முடியும்.

ஒன்று, வெளுத்துப்போதல். தண்ணீர் சூடாகிவிட்டாலோ, வெளிச்சம் திடீரென்று கூடிவிட்டாலோ, பவளம் தனக்குள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். சதை அப்படியே இருக்கும். நிறம் மட்டும் போய், கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் எலும்பு வெள்ளையாகத் தெரியும். இந்த நிலையில் பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு மங்கிய டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், அதன் குட்டிக் கைகள் நீண்டிருப்பது தெரியும். பாசி திரும்பி வந்து குடியேறினால் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, சதை உரிதல். அடிப்பகுதியிலிருந்தோ நுனியிலிருந்தோ சதையே விலகி, வெறும் எலும்பு தெரியும். சில நாள்களில் அந்த இடத்தில் பச்சைப் பாசி படரத் தொடங்கிவிடும். உரிந்த இடம் பெரும்பாலும் செத்த இடம்தான். மீதி இருக்கும் சதையைக் காப்பாற்றுவதுதான் இங்கே வேலை. மெதுவாக, வாரக்கணக்கில் உரிந்தால் பெரும்பாலும் தண்ணீரில் கோளாறு. சில மணி நேரத்தில் மளமளவென்று உரிந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு கேஸ்.

இவை தவிர, சண்டைக் காயங்களும் உண்டு. பவளங்கள் அமைதியானவை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு பவளம் வந்தால், சில வகைகள் இரவில் நீளமான கொடுக்குக் கைகளை நீட்டி எரித்துவிடும். இடப் பிரச்னைக்காக அக்கம்பக்கத்தில் அடித்துக்கொள்வது அங்கேயும் இருக்கிறது! பவளச் சதையைத் தின்னும் தட்டைப்புழுக்களும், ஓடில்லாக் கடல் நத்தைகளும் வேறு. பழுப்பு நிறத்தில் ஜெல்லி மாதிரி ஒன்று சதை மேல் படர்ந்தால், அது பக்கத்துப் பவளங்களையும் தாக்கக்கூடிய தொற்று.

முதலுதவி: பிரி, கழுவு, வெட்டு, ஒட்டு

அடிபட்ட பவளத்தைப் பெரிய தொட்டியிலிருந்து பிரித்து, அதே தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். நோய் பரவாது, நண்டு, மீன் வந்து புண்ணைக் கொத்தாது.

அடுத்து குளியல். பவளங்களுக்கென்றே விற்கப்படும் அயோடின் கரைசலைத் தொட்டித் தண்ணீரில் கலந்து, குறிப்பிட்ட சில நிமிடங்கள் மட்டும் பவளத்தை அதில் முக்கி எடுப்பார்கள். புழு, கிருமி உதிரும். பிறகு வேறு சுத்தமான கடல்நீரில் அலசி எடுக்க வேண்டும். நேரம் கூடினால் மருந்தே விஷம்.

சதை உரிந்துகொண்டே போனால், வெட்டுவதைத் தவிர வழியில்லை. அழுகிய பகுதியோடு, அதை ஒட்டிய நல்ல சதையிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டுகிறார்கள். எலும்பு வெட்டப் பயன்படும் கட்டர்தான் கருவி. நல்ல துண்டைச் சின்னப் பீங்கான் வில்லையில் ஒட்டிவிடுவார்கள். எதை வைத்து ஒட்டுகிறார்கள் தெரியுமா? செருப்பு, பொம்மையெல்லாம் ஒட்டுவோமே, அதே ரக சூப்பர் குளூ, ஜெல் வடிவத்தில். அது தண்ணீருக்குள்ளும் இறுகும், பவளத்துக்கும் தீங்கு செய்யாது.

வெட்டினால் செத்துவிடாதா என்று கேட்கலாம். முருங்கைக் கிளையை ஒடித்து நட்டால் மரமாவதில்லையா? கடலிலும் புயலில் உடைந்து விழும் கிளைகள் வேறிடத்தில் ஒட்டிக்கொண்டு புதிய பவளமாக வளர்வது உண்டு. உடைவது பல பவளங்களுக்கு இனம் பெருகும் வழிகளில் ஒன்று.

தண்ணீர்தான் மருந்து

இத்தனையும் செய்தாலும், பவளத்தைக் குணமாக்குவது கட்டரோ அயோடினோ அல்ல, தண்ணீர். அதுவும் நாள்தோறும் ஒரே மாதிரி இருக்கும் தண்ணீர்.

பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கும் கணக்கு இது:

* வெப்பநிலை: 24 முதல் 26 டிகிரி செல்சியஸ்
* உப்பு: ஆயிரம் கிராம் தண்ணீருக்கு சுமார் 35 கிராம். இயற்கைக் கடல்நீரின் அளவு இது.
* பி.ஹெச்: 8.0 முதல் 8.4
* கால்சியம்: 400 முதல் 450 பி.பி.எம்.
* மக்னீசியம்: சுமார் 1,300 பி.பி.எம்.
* காரத்தன்மை: ஜெர்மன் அளவீட்டில் 8 முதல் 9 டிகிரி

கால்சியம் செங்கல் என்றால், காரத்தன்மை சிமென்ட். இரண்டும் இருந்தால்தான் பவளம் எலும்பு கட்ட முடியும். வளர வளர இவை தண்ணீரிலிருந்து குறைந்துகொண்டே வரும். அளந்து அளந்து சேர்க்க வேண்டும். காரத்தன்மை 7 என்று நிலையாக இருந்தால்கூடப் பவளம் சமாளித்துக்கொள்ளும். இன்று 7, நாளை 10, மறுநாள் 8 என்று ஆடினால் தாங்காது. உடம்பு சரியில்லாதவருக்குத் தினம் ஒரு மருந்தை மாற்றிக் கொடுப்பது போலத்தான் அது.

குழாய்த் தண்ணீரை ஊற்றவே கூடாது. அதில் இருக்கும் குளோரினும், பழைய பைப்பிலிருந்து கரையும் செம்பும் பவளத்துக்கு ஆகாது. நம் வீட்டு ஆர்.ஓ. மெஷின் மாதிரி ஒன்றில் வடிகட்டி, அதன் பிறகும் மிச்சம் இருக்கும் உப்புகளை இன்னொரு வடிகட்டியில் நீக்கி, அந்த வெறும் தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்துத்தான் ஊற்றுகிறார்கள். மீனுக்கு நோய் வந்தால் கொடுக்கும் செம்பு கலந்த மருந்தைப் பவளம் இருக்கும் தொட்டியில் விட்டால், மீன் பிழைக்கும், பவளம் செத்துவிடும்.

பத்திய உணவும் மங்கிய வெளிச்சமும்

வெளுத்துப்போன பவளத்தைக் கண்டால் 'வெளிச்சம் போதவில்லை போல' என்று விளக்கைக் கூட்டத் தோன்றும். செய்ய வேண்டியது நேர்மாறு. பாசி இல்லாத வெற்றுச் சதையில் கூடுதல் வெளிச்சம் பட்டால் இன்னும் கருகும். தொட்டியின் அடியில், நிழலான மூலைக்கு மாற்றிவிட்டு, குணமாகக் குணமாக வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும்.

தண்ணீர் ஓட்டமும் வேண்டும். பவளத்துக்குக் கால் இல்லை, நுரையீரல் இல்லை. மூச்சுவிடவும் கழிவை நீக்கவும் ஓடும் தண்ணீர்தான் வழி. ஆனால் பம்ப் நேராக முகத்தில் அடித்தால் சதை கிழிந்துவிடும்.

பாசி சமைத்துப் போடாத நாள்களில் நாம்தான் ஊட்ட வேண்டும். பெரிய வாயுள்ள பவளங்களுக்கு, இரவில் கைகள் நீண்டிருக்கும் நேரம் பார்த்து, பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, பொடி இறால் குஞ்சுகளை சிரிஞ்சால் மெதுவாக வாய் அருகே விடுகிறார்கள். வாரத்தில் ஓரிரு முறை போதும். பாசத்தில் அள்ளிப் போட்டால் மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

பிறகு என்ன? காத்திருப்புதான். ஒரு மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஒருநாள், வெட்டிய விளிம்பில் மெல்லிய சதை பசை மேல் ஏறத் தொடங்கியிருப்பது தெரியும். அதுதான் பிழைத்துவிட்டது என்பதற்கு முதல் அடையாளம். வேகமாக வளரும் கிளைப் பவளங்கள் நல்ல சூழலில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல்கூட வளரும். உருண்டைப் பவளங்கள் சில, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தங்கள் யாராவது இந்தப் பொழுதுபோக்கில் இருந்தால், ஓர் எச்சரிக்கை. பட்டன் போல இருக்கும் 'ஸோயாந்திட்' என்ற பவளத்தின் உறவினரிடம் 'பாலிடாக்ஸின்' என்ற கொடிய விஷம் இருக்கலாம். அது ஒட்டிய பாறையை வெந்நீரில் கழுவுவதோ, பிரஷ் போட்டுத் தேய்ப்பதோ ஆபத்து. விஷம் ஆவியாகவும் துகளாகவும் மூச்சில் போகும். 2018-இல் இங்கிலாந்தில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே மருத்துவமனையில் சேர நேர்ந்தது. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது.

தொட்டியில் கற்றது, கடலுக்கு உதவுகிறது

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குதானே என்று தோன்றலாம். தொடங்கியது அப்படித்தான். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை.

1980-களில் கிளைப் பவளத்தை வீட்டில் வளர்ப்பது நடக்காத காரியம் என்றே பலரும் நினைத்தார்கள். பெர்லினைச் சேர்ந்த டீட்ரிஷ் ஷ்டூபர் என்ற தொட்டி ஆர்வலர் அதை வளர்த்துக் காட்டினார். கிளைகளை உடைத்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் வளர்த்துத் தங்கள் நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். கறிவேப்பிலைக் கன்று பக்கத்து வீட்டுக்குப் போவது மாதிரி, அந்தப் பவளம் தொட்டி தொட்டியாகப் பரவியது. ஒவ்வொரு முறையும் கடலில் போய்ப் பறிக்கத் தேவையில்லை என்பது அப்போது பலருக்கும் புரிந்தது.

அடுத்தது ஒரு விபத்து. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மோட் கடல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் டேவிட் வாகன். 2006 வாக்கில், தொட்டியில் இருந்த ஒரு பவளத்தை நகர்த்தும்போது அது உடைந்துவிட்டது. சில பாலிப்புகள் மட்டும் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. செத்திருக்கும் என்று நினைத்திருந்தார். சில வாரம் கழித்துப் பார்த்தால், அவை பெருகியிருந்தன. மிகச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் பவளம் தன் காயத்தை ஆற்றும் அவசரத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக வளர்கிறது என்பது அதிலிருந்து தெரியவந்தது. ஒரே தாய்ப் பவளத்தின் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டால், அவை ஒன்றோடொன்று கூடி ஒரே பவளமாகிவிடும். ஃபுளோரிடாவின் பாறைகளில் இந்த முறையில் பவளம் நடுகிறார்கள்.

லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர், கடலின் வெப்பம், சூரியன், நிலா வெளிச்சம் எல்லாவற்றையும் தொட்டிக்குள் அப்படியே உண்டாக்கி, பவளங்களை முட்டையிட வைத்தார்கள். அந்த ஆய்வு 2017-இல் வெளியானது.

2014-இல் மயாமி அருகே பவளங்களின் சதையை உரிக்கும் ஒரு கொள்ளைநோய் கிளம்பி, ஃபுளோரிடா முழுக்கப் பரவியது. புண்ணில் 'அமாக்ஸிசிலின்' கலந்த பசையை, கடலுக்கடியில் நீந்திப் போய்த் தடவினார்கள். ஆம், நமக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் அதே மருந்து! நோய் எட்டாத பவளங்களை முன்கூட்டியே எடுத்து, அமெரிக்கா முழுக்க உள்ள விலங்கியல் பூங்காக்களிலும் மீன் காட்சியகங்களிலும் பத்திரப்படுத்தினார்கள். 2023 ஜூலையில் ஃபுளோரிடாவின் மேனட்டீ விரிகுடாவில் ஒரு கருவி தண்ணீரின் வெப்பத்தை 38 டிகிரிக்கு மேல் காட்டியது. அந்தக் கோடையில் கடல் நாற்றங்கால்களில் இருந்த ஆயிரக்கணக்கான பவளங்களைக் கரைக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிகளில் வைத்தார்கள். அன்று அந்தத் தொட்டிகள்தான் அவற்றுக்கு ஐ.சி.யூ.

நம் வீட்டில் ஏன் கூடாது?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி போன்றவை 2001-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பு. உயிரோடு இருந்தாலும், காய்ந்த எலும்பாக இருந்தாலும், எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. 1986-இல் தேசியப் பூங்காவானது. ஒரு காலத்தில் இங்கே பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் வண்டி வண்டியாக ஏற்றினார்கள். சட்டமும், 2004 சுனாமிக்குப் பிறகு வந்த விழிப்பும் சேர்ந்து, 2005 வாக்கில்தான் அது பெருமளவு நின்றது. அதற்குள் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போயின. அலையின் வேகத்தைத் தடுக்கும் பாறையை எடுத்துவிட்டால், பின்னால் இருக்கும் மணல் எப்படி நிற்கும்?

வெட்டுவது நின்ற பிறகு, வெப்பம் வந்தது. 2010-லும் 2016-லும் கோடையில் கடல் சூடேறி, மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவு வெளுத்தன. அங்கே விளக்கைக் குறைக்கவோ, தண்ணீரைக் குளிர்விக்கவோ யாராலும் முடியாது.

ஆனாலும் வைத்தியம் நடக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவள மீட்பில் ஈடுபட்டிருக்கிறது. நல்ல பவளங்களிலிருந்து சின்னத் துண்டுகள் எடுத்து, சிமென்ட் வில்லைகளில் கட்டி, கடலடியில் சட்டங்களில் பொருத்துகிறார்கள். முங்கிப் போய்ப் பாசியைத் துடைத்து, வளர்ச்சியை அளந்து பார்க்கிறார்கள். பிரி, வெட்டு, ஒட்டு, காத்திரு. தொட்டியில் பார்த்த அதே வேலைதான். இதற்கு அரசின் அனுமதியும் பயிற்சியும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

* ராமேஸ்வரம், கன்னியாகுமரி, அந்தமான் என்று எங்கே சுற்றுலா போனாலும், பவளத் துண்டு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கரையில் கிடந்ததை நினைவுக்காகப் பையில் போட்டு வருவதும் தவறுதான்.
* முங்கிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். ஒரு கால் தடுக்கினால் உடைவது பத்து வருட வளர்ச்சியாக இருக்கலாம்.
* வண்ணமீன் கடையில் உயிருள்ள பவளம் விற்பனைக்கு இருந்தால், வனத்துறைக்குத் தகவல் சொல்லலாம்.
* வீட்டில் கடல் வேண்டும் என்று குழந்தைகள் கேட்டால், நன்னீர் மீன் தொட்டியில் தொடங்குங்கள். தண்ணீரை ஒரே சீராக வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அதிலேயே கற்றுக்கொள்வார்கள்.

தொட்டியில் ஒரு பவளத்தைக் காப்பாற்றியவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பவளம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் சரியாக இருக்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீரை இரண்டு டிகிரி குளிர வைக்க ஒரு சின்ன மெஷின் போதும். மன்னார் வளைகுடாவுக்கு அப்படி ஒரு மெஷின் கிடையாது. அதைச் சூடாகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வழி.